இன்டரப்ட் ஹேண்ட்லர் பேட்ச் ரிவ்யூவுக்கு வந்தா நான் எங்க எங்க பாப்பேன்

நீங்க கேட்டது இதுதான்: நாலு வருஷம் அப்ளிகேஷன் பக்கம் சி++ எழுதிட்டு இப்பதான் எம்பெடட் டீமுக்கு மாறியிருக்கீங்க, எஸ்ஓசி (ப்ராசஸரும் மத்த ஹார்ட்வேரும் ஒரே சிப்ல இருக்கிறது) உள்ள இருக்கிற ஒரு டேட்டா கேப்ச்சர் பிளாக்கோட லினக்ஸ் டிரைவருக்கு 120 வரில ஒரு பேட்ச் வந்திருக்கு, பழைய டாஸ்க்லெட்டை (இன்டரப்ட், அதாவது ஹார்ட்வேர் சிபியுவைக் கூப்பிடுற சிக்னல், வந்த பிறகு மிச்ச வேலையைச் செய்யுற பழைய முறை) தூக்கிட்டு த்ரெட்டட் இன்டரப்ட்டா மாத்தியிருக்காங்க, ரிவ்யூவர்னு உங்க பேரைப் போட்டுட்டாங்க. படிச்சா எல்லாம் சரியாத்தான் தெரியுது, ஆனா ஓகே போட கை வரல. ப்ரோப் ஃபங்ஷன்ல (டிவைஸுக்கு டிரைவரைத் தயார் பண்ணுற இடம்) இன்டரப்ட் வாங்குற வரி மேல ஏறியிருக்கு, வெயிட் க்யூவை (ஈவென்ட்டுக்காகத் தூங்கிட்டு இருக்கிறவங்களோட வரிசை) இனிஷியலைஸ் பண்ணுற வரி அதுக்குக் கீழ இருக்கு, இது பரவாயில்லையான்னும் கேட்டிருந்தீங்க. அதுக்குக் கடைசில வரேன்.

கை வரலைன்னா நீங்க சரியான இடத்துலதான் நிக்கிறீங்க. இந்த மாதிரி பேட்ச்ல டிஃப் மட்டும் பாத்தா எப்பவுமே சரியாத்தான் தெரியும். ஏன்னா டிஃப் காட்டுறது மாறுன வரியும் சுத்தி மூணு மூணு வரியும்தான், ஆனா இன்டரப்ட் சம்பந்தப்பட்ட பக் பெரும்பாலும் மாறாத வரிலதான் உக்காந்திருக்கும், ரிமூவ் ஃபங்ஷன்ல, சஸ்பெண்ட்ல, டிவைஸ் ட்ரீ ஃபைல்ல (போர்டுல என்ன ஹார்ட்வேர் எப்படி இணைஞ்சிருக்குன்னு கர்னலுக்குச் சொல்றது), சில நேரம் கோட்லயே இல்லாம டேட்டாஷீட்ல. அதனால நான் பண்ணுறது, பேட்ச்சை என் ட்ரீல அப்ளை பண்ணிட்டு முழு ஃபைலைத் திறந்து, ரெண்டு ரெண்டு வரிக்கு நடுவுல விரலை வச்சு "இப்ப இந்த இடத்துல இன்டரப்ட் அடிச்சா என்ன ஆகும்"னு கேட்டுக்கிட்டே போவேன். கேக்க சின்னப்புள்ளத்தனமா இருக்கும், ஆனா நான் புடிச்ச பக்ல பாதிக்கு மேல இப்படித்தான் புடிச்சேன், விட்ட பக்ல எல்லாமே இதைச் செய்ய சோம்பேறித்தனப்பட்ட நாள்ல விட்டது.

கோடுக்கு முன்னாடி டேட்டாஷீட். அதுல இன்டரப்ட் ஸ்டேட்டஸ், மாஸ்க் (இன்டரப்ட்டை அடைக்கிற, திறக்கிற) ரெஜிஸ்டர் இருக்கிற ரெண்டு பக்கம் போதும், முழுசும் படிக்க வேணாம். சிப் இன்டரப்ட்டை எப்படி எழுப்புது, ஒரு தடவை தட்டிட்டு விட்டுடுதா இல்ல யாராவது வந்து ஸ்டேட்டஸை அழிக்கிற வரைக்கும் லைனைப் புடிச்சு வச்சிருக்கா. அழிக்கிறது எப்படி, படிச்சாலே அழிஞ்சிடுமா, 1 எழுதினா அழியுமா, 0 எழுதணுமா. அந்த லைன் இந்த சிப்புக்கு மட்டுமா, வேற யாரும் பங்கு போடுறாங்களா. இந்த மூணுக்கும் விடை தெரியாம ஹேண்ட்லரைப் படிக்கிறதுல பிரயோஜனமே இல்ல, கோட் அழகா இருக்கான்னு மட்டும்தான் சொல்ல முடியும்.

எட்ஜ், லெவல் குழப்பிக்காதீங்க. எட்ஜ்ங்கறது மிஸ்டு கால், ஒரு ரிங், அவ்வளவுதான், எடுக்கலைன்னா போச்சு. லெவல்ங்கறது பசிச்சு அழுற குழந்தை, பால் குடுக்குற வரைக்கும் நிறுத்தாது. பிரச்சனை எப்ப வரும்னா, சிப் குழந்தை மாதிரி அழுதுட்டு இருக்கும்போது ஜிபிஐஓ கண்ட்ரோலரை (இன்டரப்ட் பின்னைக் கவனிக்கிற பகுதி) நாம மிஸ்டு கால் மட்டும் கவனின்னு செட் பண்ணி வச்சா.

இது எனக்கே நடந்தது, கொஞ்சம் விலாவாரியா சொல்றேன், ஏன்னா அந்த பேட்ச்சுக்கு ஓகே போட்டவனே நான்தான். அப்ப நான் இருந்த கம்பெனில ஒரு போர்டு, அதுல ஐ2சி பஸ்ல (சிப்புகள் ரெண்டு வயர்ல மெதுவா பேசிக்கிற வழி) ஒரு மோஷன் சென்சார், அதோட இன்டரப்ட் பின் ஓப்பன் டிரெய்ன், ஏதாவது ஒரு ஸ்டேட்டஸ் பிட் செட் ஆனா லைன் கீழ இறங்கும், எல்லா பிட்டும் அழிஞ்சாத்தான் மேல வரும். டிவைஸ் ட்ரீல யாரோ எந்தக் காலத்துலயோ ஃபாலிங் எட்ஜ்னு போட்டு வச்சிருந்தாங்க. பழைய ஹேண்ட்லர் ஸ்டேட்டஸைப் படிச்சு, படிச்ச அதே மதிப்பைத் திருப்பி எழுதி அழிச்சிட்டு, அப்புறமா ஃபிஃபோவை (சிப்ல டேட்டா வரிசையா சேருற இடம்) காலி பண்ணும். டீம்ல ஒரு பையன் "க்ளீனப்"னு ஒரு பேட்ச் அனுப்பினான், வேலையை முடிச்சிட்டு கடைசில அழிக்கிறதுதானே முறைன்னு அந்த எழுதுற வரியைக் கீழ நகர்த்திட்டான். பாக்க நேர்த்தியா இருந்துச்சு. மதியம் சாப்பிட்டு வந்த நேரம், "நல்லாருக்கு"ன்னு போட்டுட்டேன்.

ரெண்டு வாரம் கழிச்சு டெஸ்டிங்ல இருந்து ஒரு போர்டு வந்துச்சு, சென்சார் செத்துப் போச்சுன்னு. ரீபூட் பண்ணா உயிர் வருது. ரெண்டு நாளைக்கு ஒரு தடவை இன்னொரு போர்டு. ப்ராக் இன்டரப்ட்ஸ்ல (எந்த இன்டரப்ட் எத்தனை தடவை வந்துச்சுன்னு கர்னல் காட்டுற ஃபைல்) பாத்தா அந்த லைனோட எண்ணிக்கை அப்படியே நிக்குது, ஒன்னுகூட ஏறல. முதல்ல சிப்தான் மோசம்னு சண்டை போட்டோம். அப்புறம் ஸ்கோப் புரோபை அந்தப் பின்ல வச்சுப் பாத்தா லைன் கீழயே கிடக்கு, சுழியத்துல. அதாவது சிப் கத்திக்கிட்டே இருக்கு, கேக்க ஆள் இல்ல.

நடந்தது என்னன்னா, ஸ்டேட்டஸ் படிக்கும்போது ஃபிஃபோ பிட் மட்டும் செட், அதைக் கையில வச்சுக்கிட்டு ஃபிஃபோ படிக்கப் போறோம், 96 பைட், 400 கிலோஹெர்ட்ஸ் ஐ2சில ஒரு பைட்டுக்கு 9 க்ளாக், கணக்குப் போட்டா 2 மில்லிசெகண்டுக்குக் கொஞ்சம் மேல. அந்த 2 மில்லிசெகண்டுக்குள்ள யாராவது போர்டைத் தட்டினா டேப் பிட் செட் ஆகுது. லைன் ஏற்கனவே கீழதான் இருக்கு, புது எட்ஜ் வராது. நாம கடைசில எழுதுறது முன்னாடி படிச்ச மதிப்பு, அதுல டேப் பிட் இல்ல, ஃபிஃபோ பிட் மட்டும் அழியுது, டேப் பிட் அப்படியே நிக்குது, லைன் மேல வரவே இல்ல. மேல வராத லைன் திரும்பக் கீழ எப்படி இறங்கும்? அதோட கதை முடிஞ்சது.

இதுல நான் கத்துக்கிட்டது அந்த வரியை நகர்த்தினது தப்புங்கறது மட்டும் இல்ல. பழைய கோட்லயும் அதே பக் இருந்துச்சு! ஸ்டேட்டஸைப் படிச்ச நொடிக்கும் அதை அழிக்கிற எழுத்து சிப்புக்குப் போய்ச் சேர்ற நொடிக்கும் நடுவுல ஐ2சில குறைஞ்சது 70, 100 மைக்ரோசெகண்ட் ஆகும், அந்த இடைவெளில புது பிட் வந்தா அப்பவும் இதேதான். பையன் பண்ணது ஜன்னலை இருபது மடங்கு அகலமாத் திறந்துவிட்டது, அவ்வளவுதான். முன்னாடி மாசக்கணக்குல ஒரு தடவை நடந்தப்ப "ரீபூட் பண்ணு சரியாயிடும்"னு விட்டிருக்காங்க. உண்மையான ஃபிக்ஸ் டிரைவர்ல இல்லவே இல்ல, டிவைஸ் ட்ரீல ஃபாலிங் எட்ஜை லெவல் லோன்னு மாத்துறது, ஒரே ஒரு வரி. ஜிபிஐஓ கண்ட்ரோலருக்கு லெவல் தெரியாதுன்னா ஹேண்ட்லர்ல ஸ்டேட்டஸ் சுழியமா வர்ற வரைக்கும் லூப் போடணும், அதுக்கு ஒரு எல்லையும் வச்சு. அந்த ஒரு வரி எந்த டிஃப்லயும் இல்ல பாருங்க, அதான் டிஃபை மட்டும் படிக்காதீங்கன்னு முதல்லயே சொன்னேன்.

அழிக்கிறது பத்தி இன்னும் ஒன்னு. 1 எழுதினா அழியுற ரெஜிஸ்டர்ல யாராவது படிச்சு, ஒரு பிட்டை ஆர் பண்ணி, திருப்பி எழுதினா அங்கயே நிறுத்துங்க. ஒரு பிட்டை அழிக்கப் போய் செட் ஆகியிருந்த எல்லா பிட்டையும் அழிச்சிட்டுப் போயிடும். ரெக்மேப் (ரெஜிஸ்டரைப் படிக்க, எழுத கர்னல் குடுக்குற பொது வழி) அப்டேட் பிட்ஸ் கூப்பிட்டிருந்தாலும் தப்புதான், அந்த பிட் ஏற்கனவே 1ஆ இருந்தா மதிப்பு மாறலைன்னு எழுதவே எழுதாது, அழியவே அழியாது, பாக்க அப்பாவி மாதிரி இருக்கும். ரெக்மேப்னு சொன்னதும் ஞாபகம் வருது, கேஷ் போட்டிருந்தா ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரை வாலட்டைல்னு குறிச்சிருக்காங்களான்னு பாருங்க, இல்லைன்னா சிப்பைக் கேக்காம கேஷ்ல இருக்கிற பழைய மதிப்பையே குடுத்துட்டு இருக்கும், நீங்க ராத்திரி முழுக்கத் தேடுவீங்க.

சரி, உங்க பேட்ச். த்ரெட்டட் இன்டரப்ட் லினக்ஸ் 2.6.30ல, 2009ல வந்தது, தாமஸ் க்ளைக்ஸ்னர் கொண்டு வந்தார். ரெண்டு ஃபங்ஷன் குடுப்பீங்க, முதல் ஹேண்ட்லர் இன்டரப்ட் கான்டெக்ஸ்ட்ல ஓடும், "த்ரெட்டை எழுப்பு"ன்னு திருப்பினா ரெண்டாவது ஃபங்ஷன் தனி கர்னல் த்ரெட்ல ஓடும், அதுல தூங்கலாம், ம்யூடெக்ஸ் (கிடைக்கலைன்னா தூங்கிக் காத்திருக்கிற லாக்) புடிக்கலாம். இதுல முதல்ல பாக்க வேண்டியது ஒன்ஷாட் ஃப்ளாக். ஒன்ஷாட் இருந்தா த்ரெட் முடியுற வரைக்கும் கர்னல் அந்த லைனை மாஸ்க் பண்ணி வச்சிருக்கும். லெவல் இன்டரப்ட்டுக்கு இது இல்லைன்னா முதல் ஹேண்ட்லர் திரும்பின அடுத்த நொடியே மறுபடி இன்டரப்ட், மறுபடி, மறுபடி, த்ரெட்டுக்கு சிபியுவே கிடைக்காது. முதல் ஹேண்ட்லர் இடத்துல ஒன்னும் குடுக்காம NULL (நல்)னு விட்டுட்டு ஒன்ஷாட்டும் போடலைன்னா கர்னலே முடியாதுன்னு எரர் குடுத்துடும், அது நல்ல காவல். ஆனா சில பேர் அந்த எரரைத் தாண்டுறதுக்காகவே, உள்ள ஒன்னுமே செய்யாம "த்ரெட்டை எழுப்பு"ன்னு மட்டும் திருப்புற ஒரு முதல் ஹேண்ட்லரை எழுதிட்டு வந்துடுவாங்க, அதைப் பாத்தா உடனே கேளுங்க: ஒன்ஷாட் எங்க? இல்லைன்னா டிவைஸோட மாஸ்க் ரெஜிஸ்டர்ல இன்டரப்ட்டை அணைக்கிறது எங்க? ரெண்டுல ஒன்னு இருந்தே ஆகணும். லைன் ஷேர்டுன்னா இன்னொரு சிக்கல், அந்த லைன்ல இருக்கிற எல்லாரும் ஒன்ஷாட் விஷயத்துல ஒத்துப் போகணும், ஒத்துப் போகலைன்னா ரெண்டாவதா வர்றவங்களுக்கு இன்டரப்ட் கிடைக்காது.

அடுத்தது, டாஸ்க்லெட்ல இருந்து மாறுறப்ப அடிக்கடி வர்ற ஒரு தப்பு. பழைய கோட்ல முதல் ஹேண்ட்லர் ஸ்டேட்டஸைப் படிச்சு பிரைவேட் ஸ்ட்ரக்சர்ல ஒரு ஃபீல்டுல போட்டு வைக்கும், டாஸ்க்லெட் எடுத்துக்கும். அதே ஃபீல்டை த்ரெட்டும் எடுக்கிற மாதிரி மாத்தியிருப்பாங்க. ஒன்ஷாட் இல்லாம இருந்தா த்ரெட் எடுக்கிறதுக்கு முன்னாடியே ரெண்டாவது இன்டரப்ட் வந்து அந்த ஃபீல்டை மேலெழுதிடும், முதல் ஈவென்ட் காணாமப் போயிடும், ஒரு எரரும் வராது, ஒரு லாக் மெசேஜும் வராது. மேலெழுதாம ஆர் பண்ணிச் சேக்கணும், த்ரெட் எடுக்கும்போது லாக்கைப் புடிச்சு மொத்தமா எடுத்துட்டு சுழியமாக்கணும். அந்த லாக்கும் சாதா ஸ்பின்லாக்கா (கிடைக்கிற வரைக்கும் தூங்காம சுத்திக்கிட்டே காத்திருக்கிற லாக்) இருக்கக்கூடாது, த்ரெட் பக்கம் இன்டரப்ட்டை அணைக்கிற ஐஆர்க்யூசேவ் வகையா இருக்கணும், ஏன்னு சொல்றேன்.

த்ரெட் சாதா ஸ்பின்லாக்கைப் புடிச்சுக்கிட்டு இருக்கு. அதே சிபியுல இன்டரப்ட் அடிக்குது. ஹேண்ட்லர் அதே லாக்கைக் கேக்குது. லாக் வச்சிருக்கிற த்ரெட் ஓட முடியாது, ஏன்னா அதோட சிபியு மேல ஹேண்ட்லர் உக்காந்திருக்கு, ஹேண்ட்லர் நகராது, ஏன்னா லாக் கிடைக்கல. சிபியு போச்சு. இதைக் கண்ணால தேடுறதை விட லாக்டெப்பை (லாக் தப்பைக் கண்டுபிடிக்கிற கர்னல் கருவி) ஆன் பண்ணி ஒரு தடவை ஓட்டச் சொல்லுங்க, 2006ல இருந்து கர்னல்ல இருக்கு, உண்மையா டெட்லாக் ஆகாமலேயே "இந்த லாக்கை ரெண்டு விதமா புடிக்கிறீங்க, மாட்டுவீங்க"ன்னு சொல்லிடும். ஆனா லாக்டெப் ஓடின பாதையை மட்டும்தான் பாக்கும், எரர் பாதைல இருக்கிற லாக்கை நீங்கதான் பாக்கணும்.

தூங்குறது பத்தி அதிகம் சொல்ல வேணாம், ஹார்ட் இன்டரப்ட்ல தூங்கக்கூடாதுன்னு எல்லாருக்கும் தெரியும், ஜிஎஃப்பி கர்னல் (தூங்கிக் காத்திருக்கக்கூடிய மெமரி கேப்பு), எம்ஸ்லீப், ம்யூடெக்ஸ்னு கண்ணுல பட்டா புடிச்சிடுவீங்க. மறைஞ்சு இருக்கிறதுதான் வம்பு. அதே ரெக்மேப் ரீட் கால், மெமரி மேப்டு டிவைஸ்ல ஸ்பின்லாக் புடிக்கும், ஐ2சி டிவைஸ்ல ம்யூடெக்ஸ் புடிச்சுத் தூங்கும், வரியைப் பாத்தா ரெண்டும் ஒன்னுதான். அதனால ஹேண்ட்லர் கூப்பிடுற ஒவ்வொரு ஃபங்ஷனுக்குள்ளயும் ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வாங்க.

டிசேபிள் ஐஆர்க்யூன்னு ஒரு கால் பேட்ச்ல எங்கயாவது தெரிஞ்சா நின்னு பாருங்க. அது வெறுமனே அணைக்கிறது இல்ல, ஓடிக்கிட்டு இருக்கிற ஹேண்ட்லர், அதோட த்ரெட், முடியுற வரைக்கும் காத்திருக்கும். ஹேண்ட்லருக்குள்ளேயே இதைக் கூப்பிட்டா தன்னைத் தானே எதிர்பாத்துக்கிட்டு நிக்கும், அதுக்குத்தான் காத்திருக்காத நோசிங்க் வகை இருக்கு. இது பலருக்குத் தெரியும். தெரியாதது, ஒரு லாக்கைப் புடிச்சுக்கிட்டு டிசேபிள் ஐஆர்க்யூ கூப்பிடுறது. ஹேண்ட்லர் வேற சிபியுல அதே லாக்குக்காகக் காத்துட்டு இருந்தா இவன் அவனுக்குக் காத்திருக்கான், அவன் இவனுக்குக் காத்திருக்கான், முடிஞ்சுது.

திருப்புற மதிப்பு. நிறைய பேர் என்ன ஆனாலும் "ஹேண்டில்டு"ன்னே திருப்பிடுவாங்க, பாதுகாப்புன்னு நினைச்சு. அப்படி இல்ல. "இது என்னோடது இல்ல"ன்னு உண்மையைச் சொன்னாத்தான் கர்னலுக்குக் கணக்கு தெரியும். ஒரு லைன்ல வர்ற ஒவ்வொரு 100000 இன்டரப்ட்லயும் 99900க்கு மேல யாரும் சொந்தம் கொண்டாடலைன்னா கர்னல் "நோபடி கேர்ட்"னு கத்திட்டு அந்த லைனையே அணைச்சிடும். பொய் சொல்லி ஹேண்டில்டுன்னு திருப்பிட்டே இருந்தா இந்தக் காவலே வேலை செய்யாது, சிபியு 100 சதவீதத்துல சத்தமில்லாம வெந்துட்டு இருக்கும், மெஷின் ஏன் தொங்குதுன்னு யாருக்கும் தெரியாது. இதுக்கு நேர்மாறாவும் தப்பு நடக்கும், தன் இன்டரப்ட்டையே இல்லைன்னு சொல்லி, பக்கத்துல அதே லைன்ல இருந்த டிவைஸையும் சேத்துக் கொன்னுடும்.

பிசிஐ டிவைஸா இருந்தா இன்னொன்னு: கார்டு புடுங்கப்பட்டாலோ, தூங்கிட்டு இருந்தாலோ ரெஜிஸ்டரைப் படிச்சா எல்லா பிட்டும் 1ஆ வரும். ஹேண்ட்லர் அதைப் பாத்து "அடேங்கப்பா எல்லா ஈவென்ட்டும் ஒரே நேரத்துல வந்திருக்கு"ன்னு எல்லாத்தையும் ப்ராசஸ் பண்ணக் கிளம்பிடும். முழுசும் 1ன்னா "என்னோடது இல்ல"ன்னு திரும்பிடுற ஒரு வரி இருக்கான்னு பாருங்க. ரன்டைம் சஸ்பெண்ட் இருக்கிற டிரைவர்ல ஷேர்டு லைன்னா இது கட்டாயம், ஏன்னா நம்ம டிவைஸ் தூங்கினாலும் பக்கத்து டிவைஸ் அடிக்கிற இன்டரப்ட்டுக்கு நம்ம ஹேண்ட்லரையும் கர்னல் கூப்பிடும்.

பிசிஐல எழுதின எழுத்து உடனே போய்ச் சேராதுங்கறதும் உண்டு, நடுவுல பிரிட்ஜ்ல போஸ்ட் ஆகி நிக்கும். ஹேண்ட்லரோட கடைசி வரில அழிக்கிற எழுத்தை எழுதிட்டு வெளிய வந்தா, லெவல் லைன் இன்னும் அடங்காம இருக்க, மறுபடி ஒரு வெத்து இன்டரப்ட் வரும். அதே டிவைஸ்ல ஒரு ரெஜிஸ்டரைப் படிச்சா எழுத்து தள்ளப்பட்டுடும். சில டிரைவர்ல காரணமே இல்லாத மாதிரி மதிப்பை யூஸ் பண்ணாத ஒரு ரீட் வரி இருக்கும் பாருங்க, அது இதுக்குத்தான், க்ளீனப் பேட்ச்ல முதல்ல சாகுறதும் அந்த வரிதான். "யூஸ் ஆகாத ரீட் நீக்கம்"னு கமிட் மெசேஜ்ல பாத்தா எனக்கு வயித்தைக் கலக்கும்.

உங்களோடது எஸ்ஓசி பிளாக், பிசிஐ கவலை குறைவு, ஆனா பதிலுக்கு க்ளாக் கவலை இருக்கு. க்ளாக் அணைஞ்ச பிளாக்கோட ரெஜிஸ்டரைத் தொட்டா சில ஆர்ம் எஸ்ஓசில எக்ஸ்டர்னல் அபார்ட் வரும், சிலதுல பஸ்ஸே அப்படியே உறைஞ்சு நிக்கும், ஒரு வரி லாக் மெசேஜ்கூட வராது. இது எங்க வரும்னா ரிமூவ்ல. டெவ்எம் வகை ரிக்வெஸ்ட் போட்டிருந்தா இன்டரப்ட்டை யாரும் கையால விடுவிக்க வேணாம், ரிமூவ் ஃபங்ஷன் முடிஞ்சதுக்கு அப்புறம் கர்னலே வாங்கின வரிசைக்கு நேர் எதிர் வரிசைல விடுவிக்கும். வசதிதான். ஆனா ரிமூவ் ஃபங்ஷனுக்குள்ள நீங்க கையால க்ளாக்கை அணைச்சா, பஃபரை ஃப்ரீ பண்ணா, அந்த நேரத்துல இன்டரப்ட் இன்னும் உயிரோட இருக்கு. பாதி கையால, பாதி டெவ்எம்னு கலந்து எழுதின டிரைவர்ல நிறைய பேர் இங்கதான் மாட்டுறாங்க. ரிமூவ்ல வரிசை இப்படி இருக்கணும்: டிவைஸ் ரெஜிஸ்டர்ல இன்டரப்ட்டை மாஸ்க் பண்ணு, ஓடுற ஹேண்ட்லர் முடியக் காத்திரு இல்ல ஃப்ரீ பண்ணு, அதுக்கப்புறம் வொர்க் (பிறகு செய்யன்னு தள்ளி வச்ச வேலை), டைமர் எல்லாத்தையும் சிங்க் வகைல (முடியுற வரைக்கும் காத்திருக்கிறது) நிறுத்து, அப்புறம்தான் க்ளாக், மெமரி. வொர்க்கை முதல்ல நிறுத்தினா ஹேண்ட்லர் வந்து மறுபடி கிளப்பி விட்டுடும். வொர்க்குக்குள்ள எனேபிள் ஐஆர்க்யூ கூப்பிடுற டிரைவர்னா எந்தப் பக்கம் முதல்ல நிறுத்தினாலும் இடிக்கும், அங்க "நிறுத்துறோம்"னு ஒரு ஃப்ளாக் தேவை.

டாஸ்க்லெட்டை எடுத்துட்டாங்கன்னு சொன்னீங்க, ரிமூவ்ல இருந்த டாஸ்க்லெட் கில் வரியும் போயிருக்கும், போகணும்தான். ஆனா அந்த வரி இதுவரைக்கும் இன்னொரு வேலையையும் சத்தமில்லாம பாத்துட்டு இருந்திருக்கு, டாஸ்க்லெட் முடியுற வரைக்கும் காத்திருந்துட்டுதான் பஃபரை ஃப்ரீ பண்ண விடும். இப்ப அந்தக் காத்திருப்பை யார் பண்ணுறாங்கன்னு தேடுங்க. ஃப்ரீ ஐஆர்க்யூ த்ரெட்டுக்கும் சேத்துக் காத்திருக்கும், ஆனா அது பஃபரை ஃப்ரீ பண்ணுறதுக்கு முன்னாடி கூப்பிடப்படுதாங்கறதுதான் கேள்வி.

நேரக் கணக்கும் மாறும். டாஸ்க்லெட் பெரும்பாலும் இன்டரப்ட் முடிஞ்ச கையோட ஓடிடும், த்ரெட் ஷெட்யூலர் வழியாத்தான் வரும், டீஃபால்ட்டா எஸ்சிஎச்இடி ஃபிஃபோ (ஒரு ரியல்டைம் ஷெட்யூலிங் முறை, ஹார்ட்வேர் ஃபிஃபோ இல்ல), ப்ரையாரிட்டி 50. அதுக்கு மேல ப்ரையாரிட்டி வச்ச ரியல்டைம் த்ரெட் அதே சிபியுல சுத்திட்டு இருந்தா உங்க கேப்ச்சர் பிளாக் காத்திருக்கும், ஹார்ட்வேர் ஃபிஃபோ வழிஞ்சிடும். அதனால எத்தனை பைட் ஃபிஃபோ, என்ன ரேட்ல நிரம்புது, எத்தனை மைக்ரோசெகண்ட்ல வழியும்னு பேட்ச் அனுப்பினவர்கிட்ட கேளுங்க. பதில் தெரியலைன்னா பேட்ச் இன்னும் ரெடி இல்ல. ப்ரீஎம்ப்ட் ஆர்டி (லினக்ஸை ரியல்டைமுக்கு ஏத்த மாதிரி மாத்துறது) 2024ல 6.12லயே மெயின்லைனுக்கு வந்தாச்சு, அதுல சாதா ஹேண்ட்லரும் த்ரெட் ஆயிடும், சாதா ஸ்பின்லாக்கும் தூங்கும், உங்க கம்பெனி ஆர்டி கர்னல் ஓட்டுதுன்னா அதுலயும் ஒரு தடவை ஓட்டிப் பாக்கச் சொல்லுங்க.

இப்ப நீங்க கேட்ட அந்த ப்ரோப் விஷயம். பரவாயில்லையான்னா, இல்ல, பரவாயில்லைன்னு விட முடியாது. இன்டரப்ட்டை வாங்கின அந்த நொடில இருந்து ஹேண்ட்லர் எப்ப வேணா ஓடலாம், ப்ரோப்போட அடுத்த வரிக்குக்கூட போக விடாது. "டிவைஸை இன்னும் நாம ஸ்டார்ட்டே பண்ணலையே, எப்படி இன்டரப்ட் வரும்"னு பேட்ச் எழுதினவர் சொல்வார், எல்லாரும் சொல்றதுதான். பூட்லோடர் அந்த பிளாக்கைத் தொட்டுட்டு இன்டரப்ட்டை எனேபிள்லயே விட்டுட்டுப் போயிருக்கலாம். கர்னல் க்ராஷ் ஆகி கேடம்ப் கர்னல் (க்ராஷ் டம்ப் எடுக்குறதுக்குன்னே எழுற ரெண்டாவது கர்னல்) எழுந்தா, செத்த கர்னல் ஓடவிட்டிருந்த டிவைஸ் அப்படியே இரைச்சுக்கிட்டு இருக்கும், யாரும் ரீசெட் பண்ணியிருக்க மாட்டாங்க. அந்த நேரத்துல இனிஷியலைஸ் ஆகாத வெயிட் க்யூவை ஹேண்ட்லர் எழுப்பப் போனா, ஸ்ட்ரக்சர் சுழியத்தால நிரப்பப்பட்டிருக்கும், லிஸ்ட் பாயின்டர் நல், க்ராஷ் டம்ப் எடுக்க வந்த கர்னலே க்ராஷ் ஆகும்.

அதனால நீங்க போட வேண்டிய முதல் கமென்ட் இது. "ரிக்வெஸ்ட் வரிக்கும் வெயிட் க்யூ இனிஷியலைஸ் வரிக்கும் நடுவுல இன்டரப்ட் வந்தா என்ன ஆகும்? கேடம்ப்ல டிவைஸ் ஏற்கனவே ஓடிட்டு இருக்கலாம். ரிக்வெஸ்ட்டை லாக், வெயிட் க்யூ, பஃபர் எல்லாம் ரெடி ஆனதுக்கு அப்புறம் கீழ கொண்டு வரவும், அதுக்கு முன்னாடி மாஸ்க் ரெஜிஸ்டர்ல எல்லாத்தையும் அணைச்சு ஸ்டேட்டஸை அழிச்சிடவும்." மேலயே இருந்தாகணும்னு அவருக்கு வேற ஏதாவது காரணம் இருந்தா 2021ல வந்த நோ ஆட்டோ எனேபிள் ஃப்ளாக் இருக்கு, வாங்கி அணைச்சே வச்சுக்கிட்டு கடைசில எனேபிள் பண்ணிக்கலாம். தப்புன்னு எழுதாம கேள்வியா எழுதுங்க, நாம பாக்காத ஏதோ ஒன்னு அவர் டேட்டாஷீட்ல பாத்திருக்கலாம், அப்படி இருந்தா அதை கமிட் மெசேஜ்ல போடச் சொல்லுங்க.

ரெண்டாவது கமென்ட், டெஸ்ட் பத்தி. "கம்பைல் ஆச்சு, ஓடுச்சு" இந்த மாதிரி பேட்ச்சுக்குப் போதாது. டேட்டா ஓடிட்டு இருக்கும்போதே மாட்யூலை எடுத்து எடுத்துப் போடுற ஒரு லூப் ஒரு ராத்திரி, கேசானும் (மெமரி தப்பைக் கண்டுபிடிக்கிற கருவி) லாக்டெப்பும் ஆன்ல. ஷேர்டு லைன்னா டீபக் ஷேர்டு ஐஆர்க்யூ கான்ஃபிக்கைப் போட்டா, ஃப்ரீ பண்ணும்போது கர்னலே வேணும்னே ஹேண்ட்லரை ஒரு தடவை கூப்பிட்டுப் பாக்கும், வரிசை தப்பா இருந்தா அங்கயே விழும். காலையில வந்து ப்ராக் இன்டரப்ட்ஸை ரெண்டு தடவை பத்து செகண்ட் இடைவெளில எடுத்து எண்ணிக்கை ஏறுதான்னு பாருங்க, ஏறாம நின்னுச்சுன்னா லாக் மெசேஜ் தேடிட்டு இருக்காதீங்க, உங்க பிளாக் எஸ்ஓசி உள்ளயே இருக்கிறதால ஸ்கோப் வைக்க இடமில்ல, பதிலுக்கு ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரையும் மாஸ்க் ரெஜிஸ்டரையும் டெவ்மெம்ல நேரா படிச்சுப் பாருங்க. ஸ்டேட்டஸ்ல பிட் நிக்குது, மாஸ்க்கும் திறந்திருக்குன்னா என் போர்டுக்கு நடந்ததுதான் உங்களுக்கும் நடந்திருக்கு, டிவைஸ் ட்ரீல அந்த இன்டரப்ட் வரியைத் திறங்க. மாஸ்க் மூடியிருந்தா எவனோ அணைச்சிட்டு திரும்ப எனேபிள் பண்ணாம எரர் பாதைல வெளிய போயிருக்கான், த்ரெட் ஃபங்ஷன்ல சீக்கிரமா ரிட்டர்ன் ஆகுற வரியெல்லாம் தேடுங்க.